பந்தும் பாடமும்: தூண்டிலா, கொடையா?

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிக் கதவுகள் சாத்தப்படும் நாளில் நகரத்துப் பிள்ளைகள் இரு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு கூட்டத்திற்கு விடுமுறை என்பது நீச்சல், இசை, ஓவியம், கணினி, ஆங்கிலப் பேச்சு எனப் பணம் கட்டி நிரப்பப்படும் கால அட்டவணை. மற்றொரு கூட்டத்திற்கு அது வெறுமை, அல்லது வேலை. துடியலூரிலிருந்து கோவை நோக்கிச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலையின் இருமருங்கிலும் ஏப்ரல் மாதத்தில் தொங்கும் விளம்பரப் பதாகைகள் முதற்கூட்டத்தை வருந்தி அழைக்கின்றன. இரண்டாம் கூட்டத்தை அழைப்பவை லேத் பட்டறையும், கடையின் பின்கட்டும், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் வெளியே பூட்டப்பட்ட வீட்டுக்குள் ஒளிரும் கைப்பேசித் திரையுமே.

2011-ஆம் ஆண்டில் துடியலூர் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே காடும் தோட்டமுமாய்க் கிடந்த நிலங்கள் மனைகளாக மாறத் தொடங்கியிருந்தன. பிள்ளைகள் ஓடியாடிய காலியிடங்களுக்குக் கம்பிவேலி வந்தது. ஊர் வளர்ந்தது, விளையாடும் இடம் சுருங்கியது. இந்நிலையில், காலையில் பாடமும் மாலையில் கூடைப்பந்தும் சேர்ந்த கோடைக்காலப் பயிற்சி ஒன்றை நடத்தலாமே என்ற பேச்சு ஒரு பங்கில் எழுமானால், இரண்டு குரல்கள் உடனே கேட்கின்றன.

முதற்குரல் ஒரு தாயினுடையது. "சாமி, பந்தாட்டம் நாளைக்குச் சோறு போடுங்களா?" என்று அவர் கேட்கிறார். இரண்டாங்குரல் நல்லெண்ணமுடைய ஒரு பெரியவருடையது. "பந்தைக் காட்டினால்தான் பையன்கள் வருவார்கள். வந்த பிறகு பாடத்தைப் புகட்டிவிடலாம்" என்கிறார் அவர். முன்னவர் விளையாட்டை மறுக்கிறார், பின்னவர் ஏற்கிறார். ஆயினும் இருவர் நெஞ்சிலும் இருக்கும் எண்ணம் ஒன்றே: பாடந்தான் பொருளுள்ளது, விளையாட்டு தன்னளவில் பொருளற்றது. இவ்வெண்ணம் சரியானதா? ஓர் ஏழைப் பிள்ளைக்கு நாம் விளையாட்டை எந்த மனநிலையோடு தர வேண்டும்? சிறியதாகத் தோன்றும் இவ்வினா, மனிதனை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்ற பெரிய வினாவின் ஒரு முனை.

பந்துக்குள் ஒரு நெறி

இத்தகைய முயற்சி நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 2010-களில் சென்னையில் 'கிராஸ்ஓவர் பாஸ்கெட்பால் அண்ட் ஸ்காலர்ஸ் அகாடமி' என்னும் அமைப்பு, வசதி குறைந்த பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கூடைப்பந்தையும் கல்வியையும் இணைத்துக் கோடைப் பயிற்சி நடத்தியது. அதனைத் தொடங்கியவர் ஷான் ஜெயச்சந்திரன். அமெரிக்காவிலிருந்து கூடைப்பந்து ஆடுவோர் தன்னார்வலர்களாக வந்து, நம் பிள்ளைகளோடு களத்தில் நின்று பயிற்றுவித்தனர். பெயரிலேயே பந்தையும் படிப்பையும் அருகருகே வைத்துக்கொண்ட அமைப்பு அது.

இவ்விரண்டும் சேர்வதற்கு இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இடமிருக்கிறது. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவில் பிறந்து, மோன்ட்ரியால் நகரில் இறையியல் பயின்றவர். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவரிடம் ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல், கூடத்துக்குள் செய்விக்கப்பட்ட உடற்பயிற்சியில் சலிப்புற்று, ஆசிரியர்களுக்கு அடங்காதிருந்த வகுப்பு அது. பதினெட்டுப் பேர். அவர்களுக்காக ஒரு புதிய ஆட்டத்தை இரண்டு வாரத்துக்குள் வகுக்குமாறு அவர் பணிக்கப்பட்டார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் ஆணியடித்துப் பொருத்தி, ஒரு கால்பந்தை எடுத்துக்கொண்டு, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடைக்கு அடிப்பகுதி இருந்ததால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏறி எடுக்க வேண்டியிருந்தது!

அவ்விதிகளில் ஆழ்ந்த ஓர் எண்ணம் உண்டு. பந்தைக் கையிலேந்தி ஓடலாகாது என்றார். ஓடுகிறவன் இருந்தால்தானே அவனைப் பிடித்துக் கீழே தள்ளுகிறவன் தோன்றுவான்! தோளால் இடித்தலும் தள்ளுதலும் கூடாதென்றார். இலக்கைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே, வானைப் பார்த்த வாயோடு வைத்தார். முரட்டு வேகத்தில் எறிந்த பந்து அதில் விழாது; அளவறிந்து, வளைவாக, மெல்ல அனுப்பிய பந்தே விழும். வலிமையைக் காட்டிலும் நிதானத்திற்கு வெற்றி தரும் விளையாட்டை அவர் வேண்டுமென்றே வகுத்தார். பந்தை வைத்திருப்பவன் அதைப் பிறருக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்பதும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் அக்கல்லூரிக்குப் பெரும்பங்குண்டு. நம் கோவையோ, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பல்லாண்டுகளாக நடத்திப் பழகிய ஊர். ஆகவே இந்தப் பந்து நமக்கு அந்நியமானதன்று. நாம் அதை எதற்காகப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

மூன்று தவறான வழிகள்

விளையாட்டைத் தவறாகத் தரும் வழிகள் மூன்று எனத் தோன்றுகிறது. முதலாவது, அதைத் தூண்டிலாகத் தருவது. பாடத்துக்கு இழுப்பதற்குப் பந்து, மறைக்கல்விக்கு இழுப்பதற்குப் பந்து என்பது நம்மிடையே பழகிப்போன சிந்தனை. இதில் தீய நோக்கம் இல்லை. ஆனால் தூண்டிலின் இயல்பை எண்ணிப் பாருங்கள். மீனுக்குப் புழுவைத் தருகிறவன் மீனின் பசியைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அல்லன். பிள்ளைகள் இதை விரைவில் கண்டுகொள்வார்கள். தனக்குத் தரப்பட்ட மகிழ்ச்சி தன் பொருட்டுத் தரப்பட்டதன்று என்று உணரும் சிறுவன், அதைத் தந்தவரையும், அவர் தர நினைத்த பாடத்தையும் ஒருசேர ஐயுறத் தொடங்குகிறான்.

புனித ஜான் போஸ்கோ விளையாட்டைக் கொண்டுதானே பிள்ளைகளை இறைவனிடம் அழைத்தார் என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாதான். சிறுவனாயிருந்தபோது அவர் கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செபமாலையில் கலந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் வாங்கிய கட்டணம். ஆனால் பின்னாளில் தூரின் நகரில், வால்தோக்கோவில், வேலை தேடி நகருக்கு வந்து திக்கற்று நின்ற இளைஞர்களுக்கு ஓர் இல்லத்தை அமைத்தபோது, விளையாட்டுக் களத்தை அவர் வாசற்படியாக மட்டும் வைக்கவில்லை. வீட்டின் நடுமுற்றமாகவே வைத்தார். 1884-ஆம் ஆண்டு மே மாதத்தில் உரோமையிலிருந்து அவர் தம் சபையினருக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் வருந்திச் சொல்வது எதை? பாடம் குறைந்துவிட்டது என்பதை அன்று. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு விளையாடுவதை விட்டுவிட்டு, ஒதுங்கி நின்று மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிட்டனர் என்பதையே. நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை இளைஞர்கள் உணரவும் வேண்டும் என்பது அம்மடலின் உயிர்நாடி. தூண்டிலைப் பிடித்திருப்பவன் கரையிலே நிற்பான். நேசிப்பவனோ நீரில் இறங்குவான்.

இரண்டாவது தவறு, விளையாட்டைப் பிணையாக வைப்பது. பாடத்தில் தேறினால் ஆடலாம், இல்லையேல் வெளியே நிற்கலாம் என்பது இதன் விதி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1984-இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. 1999-இல் கலிபோர்னியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரப் பள்ளியொன்றில் கென் கார்ட்டர் என்னும் பயிற்சியாளர், அந்தப் பருவத்தில் தோல்வியே காணாதிருந்த தம் கூடைப்பந்து அணியை உடற்பயிற்சிக் கூடத்திற்குள் நுழையவிடாமல் கதவைப் பூட்டினார். படிப்பைப் பற்றி மாணவர்கள் கையொப்பமிட்டுத் தந்த உறுதிமொழியைப் பலர் காக்கவில்லை என்பதே காரணம். 2005-இல் இந்நிகழ்ச்சி திரைப்படமாகவும் வந்தது.

கார்ட்டர் செய்தது சரியா? அவர் செய்ததை மேலோட்டமாகப் பார்த்தால், விளையாட்டைப் பறித்துப் படிப்பை வாங்கியதாகத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வெற்றிக் களிப்பில் ஊரே அந்த இளைஞர்களின் உடல்வலிமையைக் கொண்டாடிக் கொண்டிருந்தது. அவர்களுடைய அறிவைப் பற்றிக் கேட்பார் இல்லை. அந்த உடல்களால் புகழடைந்துவிட்டு, பின்னர் அவர்களை வெறுங்கையோடு தெருவுக்கு அனுப்ப அவர் மறுத்தார். தேறியவர், தேறாதவர் என்று பிரிக்காமல் அணி முழுவதையும் நிறுத்தி வைத்தார். உறுதிமொழியும் அவர்களே தந்தது. ஆகவே அங்கே பூட்டப்பட்டது விளையாட்டு அன்று. விளையாட்டு வீரர்களைச் சுரண்டும் வழக்கம்.

அந்தப் பூட்டை அப்படியே கொண்டுவந்து, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதில் மாட்டுவது நீதியாகாது. நம் பகுதியில் காலை வகுப்புக்கு நேரத்தோடு வராத பிள்ளை யார் என்று விசாரித்துப் பாருங்கள். தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு காத்திருந்தவள்; தாய் மில் வேலைக்குச் சென்றிருக்கத் தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு வந்தவள். எட்டாம் வகுப்பு முடித்தும் தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவன் எவன்? பெரும்பாலும், வீட்டில் படித்துக் காட்ட ஒருவரும் இல்லாதவன். இவர்களிடம் "நீ பாடத்தில் பின்தங்கிவிட்டாய், ஆகவே பந்து கிடையாது" என்று சொன்னால், வறுமை முன்பே விதித்த தண்டனைக்கு மேல் நாமும் ஒன்றைச் சேர்க்கிறோம். ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாயிற்று, மனிதர் ஓய்வுநாளுக்காக அல்லர் என்னும் பொருள்பட ஆண்டவர் மொழிந்தது, விதிகளை இயற்றும் நம் எல்லாருக்கும் உரைகல்லாகும். பாடத்தின் குறையைப் பாடத்தால் தீர்ப்போம். ஆட்டத்தின் பிழையை ஆட்டத்தின் விதியால் திருத்துவோம். ஒன்றன் கடனுக்கு மற்றொன்றை அடகு வைக்க வேண்டாம்.

மூன்றாவது தவறு, விளையாட்டை ஏணியாகக் காட்டுவது. "நன்றாக ஆடு, வேலை கிடைக்கும், பெயர் கிடைக்கும்" என்பது சில பிள்ளைகளுக்கு மெய்யாகவும் கூடும். சென்னையில் பிறந்து இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றது நமக்குப் பெருமையே. ஆனால் அவ்வாசல் எத்துணை ஒடுக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்த சத்னாம் சிங், 2015-இல் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் அணியொன்றால் தேர்ந்துகொள்ளப்பட்டார். இந்தியாவில் பிறந்த எவருக்கும் அதற்குமுன் கிட்டாத பேறு அது. அவரும்கூட அந்த என்.பி.ஏ. பருவ ஆட்டங்களில் ஒன்றிலேனும் களம் இறங்கவில்லை. ஏணியை மட்டுமே நம்பி ஏறியவர்கள், படி முறிந்த இடத்தில் எதைப் பற்றிக்கொள்வார்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட வீரராக வாராத ஒரு கோடைப் பயிற்சி வீண் என்று நாம் கருதினால், மற்றவர்களை நாம் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

ஒரு தாய் மக்கள்

தூண்டிலும் வேண்டாம், பிணையும் வேண்டாம், ஏணியும் வேண்டாம் என்றால், பந்தும் பாடமும் எந்த உறவினால் ஒரே கூரையின்கீழ் வருகின்றன? சொற்களே நமக்கு விடை தருகின்றன. பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னும் ஆங்கிலச் சொல், 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. பிழைப்புக்கான உழைப்பிலிருந்து விடுபட்டு, ஒன்றை அதன் பொருட்டே நாடும் நேரம் அது. பிளாட்டோ தம் மாணவர்களுக்குக் கற்பித்த அக்காதெமி, ஏதென்ஸ் நகரின் உடற்பயிற்சிக் களம் ஒன்றை ஒட்டி அமைந்தது. பழந்தமிழிலும் இவ்வுறவு மறையவில்லை. 'கழகம்' என்னும் சொல் கற்றோர் கூடும் அவையையும் குறித்தது. மல் முதலியன பயிலும் களத்தையும் குறித்தது. சூதாடும் இடத்தையுங்கூடக் குறித்தது. கல்லாமை அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவரோ, நூலறிவு இல்லாமல் அவையேறிப் பேசுவதை, அரங்கு வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். படிப்பைப் பற்றிச் சொல்லவும் அப்பெருமகனாருக்கு விளையாட்டே உவமையாயிற்று.

புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டிலும் நற்பண்பு உண்டா என்ற வினாவை எழுப்பி, உண்டு என்றே விடையிறுத்தார். எப்போதும் வளைத்தே வைக்கப்பட்ட வில் முறிந்துவிடும், மனிதமனமும் அவ்வாறே என்று திருத்தூதர் யோவானைப் பற்றி வழங்கிய பழங்கதையையும் அவர் எடுத்தாள்கிறார். அழகிய கதை. ஆயினும் அதோடு நின்றுவிட்டால், விளையாட்டு உழைப்புக்குப் பணிவிடை செய்யும் ஊழியனாக மட்டும் ஆகிவிடும். வேறோர் இடத்தில், போயேத்தியுஸ் நூலுக்கு எழுதிய விளக்கவுரையின் முகப்பில், அவர் மேலும் உயர்ந்த ஒன்றைச் சொல்கிறார். ஞானத்தைத் தியானிப்பதை விளையாட்டுக்கு ஒப்பிடுவது பொருத்தமானது என்கிறார். ஏன்? இரண்டும் இன்பம் தருவன. இரண்டும் வேறொன்றை அடையும் கருவியாக அன்றி, தம் பொருட்டே நாடப்படுவன. நீதிமொழிகள் நூல், உலகம் படைக்கப்பட்ட வேளையில் ஞானம் இறைவன் திருமுன் மகிழ்ந்து விளையாடியதாகக் காட்டுவதையும் இங்கு நினைவுகூரலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கற்றலும் ஆடலும் பகைவர்கள் அல்லர். ஒன்று கசப்பு மருந்தும் மற்றொன்று அதன்மேல் தடவும் தேனும் அல்ல. இரண்டும் ஓய்வு என்னும் ஒரு தாயின் மக்கள். வறுமை ஒரு பிள்ளையிடமிருந்து முதலில் பறிப்பது அந்தத் தாயையே. அவள் போனபின் பாடமும் போகிறது, ஆட்டமும் போகிறது. எஞ்சுவது உழைக்கும் உடல் ஒன்றுதான்.

இது வெறும் தத்துவம் அன்று. கொங்கு நாட்டார் கண்ணால் கண்டது. 1888-இல் தொடங்கப்பெற்ற முதல் நூற்பாலையிலிருந்து, பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகள், வார்ப்பாலைகள், பம்புத் தொழிற்சாலைகள் வரை, உழைப்பால் உயர்ந்த ஊர் நம்முடையது. அந்தப் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அதே கொங்கு மண்ணில்தான் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு அளவு நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்து, திருமணத்துக்கென ஒரு தொகையை எதிர்பார்த்துக் காத்திருந்த வழக்கமும் வேரூன்றியது. பெயரில் மங்கலம் இருந்தது; அந்தப் பெண்களின் பருவத்தில் ஆட்டமோ படிப்போ இல்லை. விடுதலைப் பயண நூலில், தங்கள் கடவுளைத் தொழச் சிலநாள் விடுமுறை வேண்டிய எபிரேயரைப் பார்த்துப் பார்வோன் சொன்ன மறுமொழி என்ன? அவர்கள் சோம்பேறிகள் என்பதே. வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கைச் செங்கற்களைக் கேட்டான். ஓய்வு கேட்கும் ஏழையைச் சோம்பேறி என்று அழைப்பது அத்துணைப் பழமையான வழக்கம்! வேலைக்குப் போகக்கூடிய வயதில் ஒரு பெண்பிள்ளை பந்தோடு களத்தில் ஓடுவதைப் பார்த்து முகஞ்சுளிக்கும்போது, நாம் எவருடைய மொழியைப் பேசுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இனி அந்தத் தாய்க்கு விடை சொல்ல வேண்டும். அவர் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சோற்றுக்குப் பட்ட பாட்டிலிருந்து அது பிறக்கிறது. 'அம்மா, பந்தாட்டம் சோறு போடாது' என்று உண்மையையே சொல்லிவிடலாம். நம் பிள்ளைகளுள் பலருக்கு எழுத்தறிவே இன்னும் உறுதிப்படவில்லை என்பதும், அதற்குக் கடுமையாக உழைத்தாக வேண்டும் என்பதும் மெய். ஆனால் சோறு போடுவதை மட்டுமே செய்து வளரும் பிள்ளை, வயிறு நிறைந்த அன்றும் தன்னை ஒரு கூலியாள் என்றே எண்ணும். மனிதர் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்று பாலைநிலத்தில் மொழியப்பட்டது வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. 'உங்கள் மகள் எதற்கும் பயன்படாத ஒரு மணிநேரத்திலும் மதிப்புடையவள்' என்பதை அவளுக்கு உணர்த்தும் இடங்கள் இவ்வுலகில் மிகச்சில. ஆலயம் அவற்றுள் ஒன்று, விளையாட்டுக்களமும் ஒன்று.

செய்ய வேண்டியவை

இவ்வாறு எண்ணினால், கோடைப் பயிற்சியின் நடைமுறையும் மாற வேண்டும். நல்ல உயரமுள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து அணி சேர்ப்பது நம் வேலையன்று. வருகிற எல்லாரும் ஆட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அதே களம், அதே பந்து, அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும். பையன்கள் ஆடி ஓய்ந்தபின் மிச்சமிருக்கும் பொழுதைத் தருவது கொடையாகாது. பாடமும் அடுத்த வகுப்பின் பாடநூலை முன்கூட்டியே திணிப்பதாக இருத்தல் ஆகாது. கதை படித்தல், கணக்கைப் புதிராக அவிழ்த்தல், பந்து செல்லும் வளைவைக் கரும்பலகையில் வரைந்து பார்த்தல் எனக் கற்றலும் அதனதன் இன்பத்தோடு வரட்டும். பயிற்றுவிக்கும் இளைஞர்கள் விசிலோடு ஓரத்தில் நிற்காமல் ஆட்டத்திலும் சேரட்டும். மே மாத வெயிலுக்குக் காலை ஆறு மணியும் மாலை ஐந்து மணியுமே ஆட்டத்திற்கு ஏற்றவை. இடைப்பட்ட பொழுது நிழலுக்கும் நூலுக்கும் உரியது.

உணவை மறக்கலாகாது. பள்ளி மூடியிருக்கும் நாட்களில் பள்ளியில் கிடைத்த சத்துணவும் நின்றுபோகிறது. பசித்த வயிற்றோடு ஓடும் பிள்ளைக்கு விளையாட்டும் வேலையாகவே படும். நம் துடியலூரில் உள்ள பழைய சிவன் கோயில் இறைவனுக்கு விருந்தீஸ்வரர் என்று பெயர். பசியோடு வந்த சுந்தரருக்கு விருந்தளித்ததாகத் தலவரலாறு சொல்கிறது. இறைவனே விருந்தோம்பியதாக நம்பும் ஊரில் வாழ்கிறோம். ஐயாயிரவருக்கு அப்பம் பகிர்ந்தவரைப் பின்பற்றுகிறவர்கள் நாம். ஆடிக் களைத்த பிள்ளைகளுக்குக் கம்பங்கூழோ, சுண்டலோ, மோரோ கொடுக்க ஒவ்வோர் அன்பியமும் ஒருநாளை ஏற்றுக்கொண்டால், அது பெருஞ்செலவாகாது.

பணம் எங்கே என்று கேட்போர்க்கு, இந்த விளையாட்டு இரண்டு பழக்கூடைகளில் தொடங்கியது என்பதே மறுமொழி. கம்பத்தில் ஒரு வளையம், சமமாக்கிய தரை, ஐந்தாறு பந்துகள், படிக்கத்தக்க நூறு நூல்கள், நேரம் தர மனமுள்ள கல்லூரி மாணவர் சிலர் இருந்தால் தொடங்கிவிடலாம். சமயம் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்காமல், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசலைத் திறக்க வேண்டும். தூண்டில் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு அதில் தயக்கம் இராது.

இவை திருச்சபைக்குப் புறம்பான எண்ணங்கள் அல்ல. உடலைப் புறக்கணிக்காமல், கடவுளின் படைப்பென்று மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் உடல், ஒழுக்கம், அறிவு ஆகியவை ஒத்திசைந்து வளர வேண்டுமென்றது. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வத்திக்கான் விளையாட்டைப் பற்றித் தனி ஏடொன்றையே வெளியிட்டு, அதன் மேன்மையை எடுத்துரைத்ததோடு, வீரர்களின் உடலை வெறும் கருவியாக்கும் போக்கையும் கண்டித்தது. இஸ்த்மிய விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது, புனித பவுல் ஓட்டக்களத்தை உவமையாக்கத் தயங்கவில்லை.

செக்கரியா இறைவாக்கினர், பாழடைந்து மீண்டெழும் எருசலேமைக் காட்சியில் கண்டபோது, அதன் மீட்புக்கு அடையாளமாகக் கண்டவை இரண்டு. கோலூன்றிய முதியவர்கள் தெருவோரம் அச்சமின்றி அமர்ந்திருப்பது ஒன்று. நகரத் தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருப்பது மற்றொன்று. கோட்டையையும் கருவூலத்தையும் அவர் அங்கே குறிப்பிடவில்லை. கடவுள் ஒரு நகருக்குத் திரும்பி வந்துவிட்டார் என்பதை, அந்நகரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடமும் பொழுதும் இருப்பதைக்கொண்டே அறியலாம் என்கிறாரோ! அப்படியாயின், இந்தக் கோடையில் நம் பங்குகளின் முற்றங்கள் எவ்வாறிருக்கும் என்பது, பிள்ளைகளைக் காட்டிலும் நம்மைப் பற்றியே அதிகம் சொல்லும்.